மாத்திரை இலவசம், பஸ் இலவசம்... அந்த ஒரு நாள்?

ரத்தக் கொதிப்புக்கு அரசு ஆஸ்பத்திரியில் தரும் மாத்திரைக்குக் காசு கிடையாது. டாக்டர் பார்ப்பதற்குக் காசு கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. அப்படியிருந்தும் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் ஏதாவது ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "மாத்திரை தீந்து பத்து நாளாச்சு, இன்னும் போய் வாங்கல" என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார்.

"உடம்பு மேல அக்கறை இல்லை" என்று வீட்டில் திட்டுவார்கள். ஊரும் அப்படித்தான் சொல்லும். ஆனால், அந்த அம்மாவின் இடத்தில் நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும்.

விடிந்தும் விடியாமல் தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஊருக்குள் வந்துவிடும். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு இந்தப் பக்கம் 'ஆபீஸ்' என்றுதான் பெயர். வேனில் ஏறினால் அன்றைய கூலி உண்டு, ஏறாவிட்டால் இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு இருப்பதுபோல மருத்துவ விடுப்பெல்லாம் இங்கே கிடையாது. பெட்டி ஒட்டுகிறவருக்கு எண்ணிக்கைக் கூலி. எத்தனை ஒட்டினாரோ அத்தனைக்குத்தான் காசு.

அரசு ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் பிரிவு நடப்பதும் காலையில்தான். சீட்டு வாங்க ஒரு வரிசை, பிரஷர் பார்க்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, கடைசியில் மருந்து வாங்க ஒரு வரிசை. எல்லாம் முடிந்து வெளியே வந்து, ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அதற்கு மேல் எந்த வேலைக்குப் போவது?

ஆக, மாத்திரை இலவசம். பஸ் இலவசம். அந்த ஒரு நாள் மட்டும் இலவசம் இல்லை.

கரிசல் காட்டின் நாட்காட்டி

காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கமெல்லாம் பெரும்பாலும் மானாவாரி. ஆறு, கால்வாய்ப் பாசனம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, சோளம், மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் போடுவார்கள். மழை பெய்து கரிசல் மண் பக்குவமாக இருக்கிற சில நாட்களுக்குள் விதைத்தாக வேண்டும். பிறகு களை எடுப்பு. தைக்குப் பிறகு அறுப்பு.

வேலை இருக்கும்போது எல்லார் காட்டிலும் ஒரே நேரத்தில் இருக்கும். இல்லாதபோது யாருக்கும் இருக்காது. அதனால் களையெடுப்புக் காலத்தில் ஒரு நாளை விடுவதென்பது, பிறகு சேர்த்து ஈடுகட்டிக்கொள்ளக் கூடிய நட்டம் இல்லை. அந்த மாதங்களில் மாத்திரை தீர்ந்தால், "இந்தக் களை முடியட்டும்" என்று ஒரு வாரம் தள்ளும். அப்புறம் இன்னொரு காட்டில் களை. அதுவும் முடியட்டும்.

தள்ளிப்போட்டதால் அன்றைக்கே ஏதாவது ஆகிவிட்டால் யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். பல் வலித்தால் கூலி போனாலும் பரவாயில்லை என்று ஓடுகிறோம் இல்லையா? ரத்தக் கொதிப்பு அப்படி வலிக்காது. சர்க்கரையும் தொடக்கத்தில் வலிக்காது. மாத்திரை போட்டாலும் உடம்பு அப்படியேதான் இருக்கிறது. போடாவிட்டாலும் பத்து நாளைக்கு அப்படியேதான் இருக்கிறது. வலிக்காத நோய்க்காக ஒரு நாள் கூலியை விடு என்றால், கஷ்டப்பட்டுச் சம்பாதிக்கிறவருக்கு மனசு வராது. அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், ரத்தக் குழாய்க்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. கட்டுப்படாத கொதிப்பு வருடக்கணக்கில் மூளை, இதயம், சிறுநீரகம், கண் எல்லாவற்றையும் அரிக்கிறது. ஒரு நாள் காலையில் வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடுகிறது. அல்லது கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால், "கிட்னி ரெண்டும் சுருங்கிப்போச்சு" என்கிறார்கள். அதன் பிறகு டயாலிசிஸ்: வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டில் அதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால், போய்வர நாள் வேண்டும். கூடவே துணைக்கு ஒரு ஆளும் வேண்டும். மாதம் ஒரு நாள் தர முடியாமல் போன குடும்பம், வாரம் மூன்று நாள், அதுவும் இரண்டு பேருடைய நாளைத் தர வேண்டி வருகிறது.

கிராமத்து அரசு மருத்துவமனைகள் நடத்தும் முகாம், வீடு தேடிப் போகும் மருத்துவம் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கணக்குதான். மக்களிடம் அந்த ஒரு நாள் இல்லை என்றால், ஆஸ்பத்திரிதான் நடந்து போக வேண்டும்.

சென்னையில் நடந்த ஒரு பரிசோதனை

இது புதிதாக யாருக்கோ தோன்றிய யோசனை அல்ல. 1956-ல் சென்னையில் இதற்கு ஒரு பெரிய பரீட்சையே நடந்தது.

அப்போது காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு, மாதக்கணக்கில் படுக்கை. வசதியுள்ளவருக்குச் சரி. தினக்கூலிக்காரர் ஒரு வருடம் சானடோரியத்தில் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியுமா? அதற்கும் மேல், அத்தனை பேருக்குப் படுக்கை போட நாட்டில் இடமும் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம். மறு பாதிக்கு அவரவர் வீடு. நெரிசலான, சத்தான சாப்பாடு இல்லாத வீடு. இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, ஒரு வருடம்.

1959-ல் வெளியான முடிவு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகவே தேறினார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை படுக்கையை விட்டு வீட்டுக்கு வந்ததற்கு அந்தச் சென்னை ஆய்வு முக்கியமான காரணம். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. உடம்பு கொஞ்சம் தேறியதும் விட்டுவிடுகிறார்கள். ஒருவர் கண் முன்னால் மருந்து சாப்பிட வைக்கும் முறை பிற்பாடு உலகெங்கும் பரவியதற்கு அடித்தளம் இதுவே.

ஆக, இரண்டு பாடம். மருந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால், மருந்து மட்டும் போனால் போதாது. கூடவே ஒரு மனுஷியும் போக வேண்டும்.

விருதுநகர் வழியாக வந்த பாதை

வீட்டுக்குக் கொண்டுபோக முதலில் மருந்து இருக்க வேண்டும். 1994-ல் உருவாகி, 1995 முதல் வேலையைத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக வாங்கி, தரம் பார்த்து, கிடங்கு வைத்து, ஆரம்ப சுகாதார நிலையம் வரை அனுப்பும் ஏற்பாடு அது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடும்கூட.

அடுத்த கட்டம் கரிசல் மண்ணுக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2007 வாக்கில், உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ், ரத்தக் கொதிப்பைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தரும் முன்னோடி முயற்சிக்கு விருதுநகர், சிவகங்கை ஆகிய இரண்டு மாவட்டங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கோவில்பட்டியிலிருந்து வடக்கே போனால் அடுத்து வரும் சாத்தூர், விருதுநகர் மாவட்டம்தான். வேறு எதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தாலும், 30 வயது தாண்டியவர் என்றால் பிரஷரைப் பார்ப்பது, அதற்கென்றே தனியாக ஒரு நர்ஸ், தனிப் பதிவேடு என்று அங்கே பழகிய முறை, பிறகு சர்க்கரையையும் சேர்த்துக்கொண்டு மாநிலம் முழுக்க வந்தது.

காய்ச்சலுக்கு ஊசி போட வந்தவர், "உங்களுக்குப் பிரஷர் இருக்கு" என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பியது இப்படித்தான். கண்டுபிடிப்பது நடந்துவிட்டது. ஆனால், கண்டுபிடிக்கப்பட்டவர் அடுத்த மாதம் வர வேண்டுமே? அதற்கு அடுத்த மாதம்? பத்து வருடத்துக்கு?

2020-ல் தமிழ்நாட்டில் நடந்த பெரிய கணக்கெடுப்பு இதற்கு விடை சொன்னது. பெரியவர்களில் ஏறத்தாழ 34 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு. மூன்றில் ஒருவர். அவர்களில் கொதிப்பு கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான். சர்க்கரை நோய் 17.6 சதவீதம் பேருக்கு. அதில் கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். மாத்திரை கிடங்கில் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார். இருந்தும் கொதிப்புள்ள 100 பேரில் 93 பேருக்கு அது அடங்கவில்லை.

அதே தெருவிலிருந்து ஒருவர்

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். கொரோனாவுக்குப் பயந்து ஜனங்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் இருந்த காலம் அது. சர்க்கரை, கொதிப்பு மருந்து வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே நடக்கும். வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் வீட்டுக்கு வரும்.

இதில் வீடு வீடாக ஏறி இறங்குபவர்கள் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். பெரும்பாலும் சுய உதவிக் குழுவில் இருக்கும் உள்ளூர்ப் பெண்கள். கையில் பிரஷர் மெஷின், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரைப் பை, எந்த வீட்டில் யாருக்கு என்ன என்ற பட்டியல். மருந்தைப் புதிதாக எழுதுவதும் மாற்றுவதும் டாக்டர் வேலை. கொண்டு சேர்ப்பதும், அளந்து பார்ப்பதும், அளவு கூடியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் இவர்கள் வேலை.

வெளியிலிருந்து பார்த்தால் இது மருந்து கொடுக்கிற வேலை மாதிரித் தெரியும். உண்மையில் இது பேசுகிற வேலை. அப்படி ஒரு பேச்சு பொதுவாக எப்படி நடக்கும் என்று பாருங்கள்.

"சித்தி, போன தடவ குடுத்த மாத்திர தீந்துருக்கணுமே, இன்னும் ஒரு அட்டை கிடக்கு?"

"நல்லாத்தான இருக்கேன் தாயி. தல சுத்தல் ஒண்ணும் இல்ல. அதான் ரெண்டு நாளு போடல."

"ரெண்டு நாளா, பத்து நாளா?"

"பத்து இருக்கும்."

"மாத்திர போட்டதாலதான் சித்தி நல்லா இருக்கீக. நிறுத்துனா மறுபடி ஏறிரும். கையை நீட்டுங்க, பாப்போம்."

மெஷினில் 170 என்று காட்டும். அப்போது சித்தியின் முகம் மாறும். அந்த எண்ணை ஒரு பெரிய டாக்டர் சொன்னால் பயம் வரும். தெருவில் தினமும் பார்க்கிற பெண் சொன்னால் நம்பிக்கையும் சேர்ந்து வரும். அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணிப் பார்க்கும் உரிமையும் அவருக்குத்தான் உண்டு. டாக்டருக்கு அந்த வீட்டு அலமாரி தெரியாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வதும் இந்த நடையில் சேர்ந்துகொள்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இது அவசியம்.

அடுத்து நடந்த மாநிலக் கணக்கெடுப்பில் கொதிப்பும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பவர்கள் சுமார் 17 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். 2024-ல் ஐ.நா. அமைப்புகளின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. 7 சதவீதம் 17 ஆனது சாதாரண விஷயம் இல்லை. ஆனால், மிச்சம் 83 பேர் இன்னும் இருக்கிறார்கள் என்பதையும் அதே எண்தான் சொல்கிறது.

பூட்டிய வீடும், இரண்டு வகைக் கணக்கும்

கரிசல் கிராமத்தில் வீடு தேடிப் போகிறவருக்கு முதல் எதிரி பூட்டு. வேன் ஏறிப் போன வீட்டில் பகலில் ஆள் இருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வரலாம்; பிரஷரை யாருக்குப் பார்ப்பது? ஆண்கள் இன்னும் சிரமம். லாரிக்குப் போனவர், வெளியூர் வேலைக்குப் போனவர், கொத்து வேலைக்குப் போனவர் எல்லாம் திரும்பி வரும்போது இரவாகியிருக்கும். அதனால் விடிவதற்குள்ளோ, பொழுது சாய்ந்தோ, ஞாயிற்றுக்கிழமையோ போனால்தான் ஆள் கிடைக்கும். அது தன்னார்வலர் வீட்டிலும் உலை வைக்கிற நேரம்.

தொழிலாளி வீட்டில் இல்லையென்றால் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பரிசோதிப்பது என்று 2024-ல் திட்டம் விரிவாக்கப்பட்டது. தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த ஒரு வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. முதலாளி ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் போட்டு, ஆளுக்குப் பத்து நிமிடம் கூலி பிடிக்காமல் விட்டால் போதும். மாதம் ஒரு நாளை விட வேண்டிய அவசியம் பல பெண்களுக்கு இருக்காது. அந்தப் பத்து நிமிடம் கிடைக்கிறதா இல்லையா என்பதில்தான் திட்டத்தின் வெற்றி இருக்கிறது.

இரண்டாவது சிக்கல், கணக்கு எழுதும் முறை. எத்தனை வீட்டுக்குப் போனோம், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்று எண்ணுவது சுலபம். 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டத்தில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்து கொடுத்து விழா நடந்தது. நல்ல செய்திதான். ஆனால், கொடுத்த மாத்திரை வயிற்றுக்குள் போனதா, போன மாத்திரை கொதிப்பை இறக்கியதா என்பது வேறு கணக்கு. மாதாமாதம் ஒரு கிராமத்தில் எத்தனை பேருக்கு 140/90-க்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று எழுதிவைத்துப் பார்த்தால்தான் இரண்டாவது கணக்கு தெரியும். முகாமுக்கும் இது பொருந்தும். ஒரு நாள் முகாமில் 500 பேரைப் பரிசோதிப்பது பெரிய உழைப்பு. அதில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 50 பேரில் மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று தேடிப் போவது அதைவிடப் பெரிய உழைப்பு. முன்னதற்குப் புகைப்படம் இருக்கும். பின்னதற்கு இருக்காது.

மூன்றாவது, நடந்து போகிறவரின் சொந்தக் கூலி. இந்தத் தன்னார்வலர்கள் வாங்குவது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. அதை உயர்த்தித் தரச் சொல்லியும், வேலையை நிரந்தரமாக்கச் சொல்லியும் அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடியதும் உண்டு. சித்தியின் ஒரு நாள் கூலியை மிச்சம் பிடித்துக் கொடுக்கப் புறப்பட்ட திட்டம், அந்தச் சுமையை இன்னொரு ஏழைப் பெண்ணின் தோளுக்கு மாற்றிவிட்டு நின்றுவிடக் கூடாது. அவர் சலித்துப்போய் நின்றால், மருந்தும் அந்தத் தெருமுனையிலேயே நின்றுவிடும்.

ஆஸ்பத்திரிக்குள் நடக்க வேண்டியது

வீட்டுக்கு மருந்து வருகிறது என்பதால் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம் என்று ஆகிவிடாது. சர்க்கரை உள்ளவருக்கு வருடம் ஒரு முறையாவது கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், கால் பாதம் எல்லாம் பார்க்க வேண்டும். கோவில்பட்டியில் இருப்பது மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை. தூத்துக்குடியில் இருப்பது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எட்டயபுரம், கழுகுமலை, கயத்தாறு, இடைசெவல் பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோவில்பட்டிதான்.

பாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரிசல் காட்டில் எங்கே திரும்பினாலும் சீமைக் கருவேல். அந்த முள் செருப்பையே துளைக்கும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போன ஒருவர் காட்டில் வெறுங்காலோடு நடந்தால் முள் ஏறியதே தெரியாது. சாயங்காலம் கால் கழுவும்போதும் வலிக்காது. நாலு நாள் கழித்துப் பாதம் வீங்கி, நிறம் மாறி, நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். விரலை எடுக்கும் அளவுக்கு, சில சமயம் காலையே எடுக்கும் அளவுக்குப் போன பல புண்களின் ஆரம்பம் இப்படி ஒரு சின்ன முள்தான். டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்கும் சோதனை ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடம் ஒரு காலைக் காப்பாற்றும்.

இத்தனை பரிசோதனைக்கும் தனித்தனியாக நாள் கேட்டால் நாலு கூலி போகும். ஒரே கூரையின் கீழ், ஒரே நாளில் முடித்துக் கொடுத்தால் ஒரு கூலியோடு போகும். 1999-ல் தொடங்கி 2021-ல் புதுப்பிக்கப்பட்ட 'வருமுன் காப்போம்' முகாம்களும், 2025 ஆகஸ்டில் தொடங்கி, சிறப்பு மருத்துவர்களை வட்டாரங்களுக்கே வரவழைத்துச் சனிக்கிழமைகளில் நடத்தப்பட்ட 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்களும் செய்ய வேண்டிய வேலை இது. எந்த ஆட்சி, எந்தப் பெயர் என்பதைவிட, மக்களுடைய நாளை மதிக்கிறதா என்பதுதான் ஒரு முகாமை எடைபோடச் சரியான தராசு. அறுப்புக் காலத்தில் வைக்கும் முகாமுக்கும், வேலை ஓய்ந்த பங்குனி, சித்திரையில் வைக்கும் முகாமுக்கும் வருகிற கூட்டமே வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

உங்கள் வீட்டில்...

திட்டம், முகாம் எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடிய சில காரியங்கள் இருக்கின்றன.

அம்மாவோ அப்பாவோ சாப்பிடும் மாத்திரை அட்டையை வாரம் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். "போட்டீங்களா?" என்று கேட்டால் "போட்டேன்" என்றுதான் பதில் வரும். அட்டை பொய் சொல்லாது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீடியோ காலில் அட்டையைக் காட்டச் சொல்லலாம்.

மாத்திரை தீர இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள். தீர்ந்த பிறகு யோசித்தால், நடுவில் ஒரு களையெடுப்பு வந்து பத்து நாளைத் தின்றுவிடும்.

பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபி, டீ, பீடி, புகையிலை கூடாது. நடந்து வந்த மூச்சிரைப்போடு பார்த்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். ஒரு தடவை பார்த்ததை வைத்து நீங்களே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கம்பும் சோளமும் கரிசலின் சொத்து. அரிசியைக் குறைத்து அவற்றைச் சேர்ப்பது நல்லதுதான். ஆனால், கம்பங்கஞ்சி மாத்திரைக்கு மாற்று இல்லை. அளவில்லாமல் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கும் இதே நியாயம்தான்: கடலை நல்லது, பாகு வெல்லம். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய் மூன்றிலும் உப்பு அதிகம். கொதிப்பு உள்ளவர்கள் அதில்தான் முதலில் கையை இழுக்க வேண்டும்.

காட்டுக்குப் போகும்போது செருப்பு. திரும்பி வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் ஒரு பார்வை. குனிந்து பார்க்க முடியாத வயதானவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். அவர்கள் கண்ணுக்குத்தான் சின்ன முள்ளும் தெரியும்.

வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சுக் குழறுவது, நெஞ்சில் இறுக்கம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே 108. மற்ற மருத்துவச் சந்தேகங்களுக்கு 104.

கடைசியாக, உங்கள் தெருவுக்கு வரும் அந்தத் தன்னார்வலர் பெண் கதவைத் தட்டும்போது, "அப்புறம் வாங்க" என்று சொல்லாதீர்கள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, கையை நீட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும்.